மக்கும்... ஆனால் எங்கே?

சென்ற வாரம் காய்கறிக் கடையில் கொடுத்த பையின்மேல் பச்சை எழுத்தில் ஒரு வாசகம்: "நான் பிளாஸ்டிக் அல்ல, மக்கிவிடுவேன்!" வீட்டில் கீரை அலசும்போது அந்தப் பையின் மூலை கிழிந்து, தொட்டித் துவாரம் வழியே சாக்கடைக்குப் பிரயாணமாகிவிட்டது. "போனால் போகட்டும், அதுதான் மக்கிவிடுமே!" என்றாள் என் மனைவி. நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பத்திரிகைக்காரன் சும்மா இருப்பானா? விசாரிக்க ஆரம்பித்தேன்.

சாக்கடை நீரைச் சுத்தம் செய்வது யார் தெரியுமா? இயந்திரம் காற்றை ஊதுவதோடு சரி. வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்! இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ரசாயன நிபுணர்களான ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்து 1914-ல் வெளியிட்டார்கள். சாக்கடை நீருக்குள் காற்றைச் செலுத்தினார்கள். முதல் தடவை வேலை முடிய ஐந்து வாரம் பிடித்தது. அடியில் தங்கிய வண்டலைக் கொட்டிவிடாமல், அதன்மேலேயே புதுச் சாக்கடை நீரை ஊற்றினார்கள். பாலுக்கு உறை மோர் விடுவதில்லையா, அந்த மாதிரி. திரும்பத் திரும்ப இப்படிச் செய்யவே, ஐந்து வார வேலை 24 மணி நேரத்தில் முடிந்தது! இன்றும் உலகத்து நகரங்கள் பலவற்றில் இதே முறைதான்.

அந்த வண்டல்வாசிகளில் ஒரு பிரிவினர் ரொம்ப நாஸுக்கு. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் கிருமிகள் அவை. மற்றக் கிருமிகள் ஒரு மணிக்குள் இரட்டிக்கலாம். இவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். இவை நோயில் படுத்தால் அம்மோனியா ஆற்றுக்குப் போகும், மீன் சாகும்.

இனி நம் பைத் துண்டுக்கு வருவோம். மக்கும் பிளாஸ்டிக்குகளில் பிரபலமானது பி.எல்.ஏ. சோளம், கரும்பு இவற்றின் சர்க்கரையைப் புளிக்க வைத்துச் செய்வது. பிறந்த இடம் வயல்தான், சந்தேகமில்லை. ஆனால் அது ஒழுங்காக மக்க, 60 டிகிரியை ஒட்டிய உஷ்ணமுள்ள எருக்கிடங்கில் வாரக்கணக்காகக் கிடக்க வேண்டும். சுத்திகரிப்புத் தொட்டியில் அவ்வளவு சூடு ஏது? தண்ணீர் அங்கே தங்குவது சில மணி நேரம்; வண்டல் தங்குவது சில நாள் அல்லது வாரம். ஆகவே அது தேய்ந்து, உடைந்து, 5 மில்லிமீட்டருக்கும் சிறிய தூளாகி வண்டலோடு கலக்கிறது. பி.எல்.ஏ. நூல் கலந்த துணியைத் துவைத்தால் உதிரும் இழையும் அங்கேதான் வந்து சேருகிறது.

இந்தத் தூள் கிருமிகளை என்ன செய்கிறது? சோதனைச்சாலைகளிலிருந்து இரண்டு விதமாகச் செய்தி வருகிறது. அளவு மிகுந்தால் அம்மோனியாக் கிருமிகள் சுணங்குகின்றன என்பது ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நைட்ரேட்டை வாயுவாக்கும் வேறு கிருமிகளுக்கு இரையாகிறது என்பது மற்றொன்று. (சோதனைகள் பலவற்றில் போடும் தூள், நிஜச் சாக்கடையில் இருப்பதைவிட மிக அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

மக்கும் பிளாஸ்டிக் எல்லாம் ஒரே ரகமுமல்ல. பி.எச்.பி. என்று ஒன்று. 1926-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லெமோயின் கண்டறிந்தது. பாக்டீரியாக்களே தங்கள் உடம்பில் கொழுப்பு மாதிரி சேர்த்து வைக்கும் சரக்கு! அதைக் கிருமிகள் சுலபமாகத் தின்றுவிடுகின்றன. பி.எல்.ஏ.யோ, 35 டிகிரியில் வண்டலை நொதிக்க வைத்து எரிவாயு எடுக்கும் கலத்திலும் பெரும்பாலும் அப்படியே கிடக்கிறது. அந்த வண்டல் உரமாகப் போகும் இடங்களில், தூளும் கூடவே வயலுக்குப் போகிறது.

நேற்று அதே கடைக்குப் போனேன். "இந்தப் பை எத்தனை டிகிரியில் மக்கும்?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஸார், பின்னாலே ஆள் நிற்குது. பை வேணுமா, வேண்டாமா?"