பொது அறிக்கைகளைப் படிக்கும் நிரல் திறந்தே இருக்கும்: எங்கள் நிலைப்பாடு

அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தாக்கல் செய்யும் நிதி அறிக்கைகளை அந்நாட்டுப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் எட்கர் தளத்திலிருந்து எடுத்துத் தரும் திறமூல நிரல் நூலகத்தைப் பராமரிப்பவர்கள் நாங்கள். அறிக்கைகளை இறக்கித் தரும் பகுதி திறந்திருக்கட்டும், எண்களை ஒப்பிடத்தக்க வகையில் சீர்படுத்தும் பகுதியை மட்டும் மூடிக் கட்டணச் சேவையாக்கலாம் என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. அதை நாங்கள் ஏற்கவில்லை. முதலில் திறந்திருக்க வேண்டியதே அந்தச் சீர்படுத்தும் பகுதிதான்.

ஓர் ஆவணத்தை வெளியிட்டுவிட்டால் அது எல்லோர் கைக்கும் எட்டிவிடும் என்று சொல்ல முடியாது. மின்னணுத் தாக்கல் வந்த புதிதில், 1990களின் தொடக்கத்தில், இதே அறிக்கைகளைக் கணினியில் பெற வணிகச் சேவைகளுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பொது ஆவணங்கள் எல்லோருக்கும் கிடைக்கப் பாடுபட்ட கார்ல் மலமுட் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்துக் காட்டிய பிறகே, 1995இல் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றது. 2009 முதல் எக்ஸ்பிஆர்எல் குறியீடும் படிப்படியாகக் கட்டாயமானதால், நிதிநிலை எண்களுக்கெல்லாம் இன்று கணினி படிக்கக்கூடிய குறிச்சொல் உண்டு. பிறகு நூலகம் செய்ய என்ன மிச்சம் என்று தோன்றலாம்.

ஒரு நிறுவனத்தின் பத்தாண்டு வருவாயை வரிசையாக எடுத்துப் பாருங்கள். பழைய ஆண்டுகளில் அது ‘சேல்ஸ் ரெவின்யூ நெட்’ என்ற குறிச்சொல்லில் இருக்கலாம். வருவாய்க்கான புதிய கணக்குத் தரநிலை 2018இல் நடைமுறைக்கு வந்தபின், ‘ரெவின்யூ ஃப்ரம் கான்ட்ராக்ட் வித் கஸ்டமர்’ என்று தொடங்கும் வேறொரு குறிச்சொல்லுக்குப் பல நிறுவனங்கள் மாறின. இரண்டையும் ஒட்டினால்தான் தொடர் கிடைக்கும். ஒட்டிய இடத்தில் எண் ஏறினால் அது வியாபாரத்தால் வந்ததா, கணக்குமுறையால் வந்ததா என்பது, எங்கே ஒட்டப்பட்டது என்று தெரியாதவருக்கு விளங்காது. நான்காம் காலாண்டு இன்னும் சிக்கல். காலாண்டறிக்கையான 10-க்யூ ஆண்டுக்கு மூன்று முறைதான் வரும்; நான்காவதற்குப் பதில் முழு ஆண்டுக்கான 10-கே வந்துவிடும். ஆகவே பெரும்பாலும் ஆண்டுத் தொகையிலிருந்து ஒன்பது மாதத் தொகையைக் கழித்துத்தான் அந்த எண்ணைப் பெற வேண்டியிருக்கிறது. இடையில் நிறுவனம் முந்தைய காலாண்டுகளைத் திருத்தியிருந்தால், எந்த ஒன்பது மாதத் தொகையைக் கழித்தோம் என்பதைப் பொறுத்து விடையே மாறும். அது நிறுவனம் தாக்கல் செய்த எண் அல்ல, எங்கள் நிரல் எடுத்த முடிவு. அந்த முடிவை மறைத்து விடையை மட்டும் நீட்டினால், முதலீட்டாளரும் நிருபரும் ஆய்வு மாணவரும் அதை நிறுவனமே சொன்ன எண்ணாக நம்பிவிடுவார்கள்.

கட்டணச் சேவைகள் ஆள் வைத்துச் சரிபார்க்கின்றன, தன்னார்வலர்களால் அது முடியுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கள் நிரலிலும் பிழைகள் இருக்கும். ஆனால் அது திறந்திருக்கும்வரை, யார் வேண்டுமானாலும் மூல ஆவணத்தோடு ஒப்பிட்டு, எந்த வரியில் தவறு என்று காட்டித் திருத்தமும் அனுப்பலாம். இதற்காகவே ஒவ்வொரு எண்ணோடும் அதன் அறிக்கைப் பதிவெண்ணும் மூலக் குறிச்சொல்லும் சேர்ந்து வர வேண்டும், கழித்துப் பெற்ற எண்ணில் அந்த விவரமும் இருக்க வேண்டும் என்பதை விதியாக வைத்திருக்கிறோம். ஆணையத்தின் சர்வருக்குச் சுமை கூடும் என்ற கவலைக்கு விடை எளிது: நொடிக்கு 10 கோரிக்கை என்ற அதன் வரம்பை நூலகமே கடைப்பிடிக்கும், அதைத் தாண்ட வழிசெய்யும் எந்த மாற்றத்தையும் சேர்க்கமாட்டோம்.

பெரிய முதலீட்டு நிறுவனங்கள் பிறர் உழைப்பை இலவசமாக அள்ளிக்கொள்கின்றன என்ற குறைதான் எங்களை அதிகம் உறுத்துகிறது. அது உண்மையும்கூட. ஆனால் இப்படியொரு நிரலைத் தாமே எழுதிக்கொள்ள அந்த நிறுவனங்களிடம் ஆளும் பணமும் உண்டு. நாங்கள் மூடினால் வெளியே நிற்கப்போவது மற்றவர்கள்தான். பராமரிப்புச் செலவை நன்கொடையாகவும், பயன்படுத்தும் நிறுவனங்களோடு செய்யும் உதவி ஒப்பந்தங்கள் மூலமும் திரட்டுவோம். அது போதாமல்போனால் புதிய வசதிகளைத் தள்ளிப்போடுவோமே தவிர, எண்களைச் சீர்படுத்தும் நிரலை மூடமாட்டோம்.