எரர் வந்தா சந்தோஷப்படுங்க மக்களே!

டிவிடி எழுதும்போது பாதியில நின்னு, ட்ரைவ் டிஸ்க்கை வெளியே துப்பி, திரையில எரர் வந்தா நம்மாளுங்கள்ல பாதிப் பேர் ட்ரைவைத் திட்டுவாங்க, மீதிப் பேர் டிஸ்க் வித்த கடைக்காரரைத் திட்டுவாங்க. என் கட்சி வேற. எரர் வந்தா சந்தோஷப்படணும். போனது ஒரு டீ, ரெண்டு வடை காசு. பயப்பட வேண்டியது "வெற்றிகரமாக எழுதப்பட்டது"ன்னு சிரிச்சுக்கிட்டே வெளிய வர்ற டிஸ்க்கைப் பார்த்துதான்.

"இந்தக் காலத்துல எவன்யா டிவிடி எழுதுறான்"னு கேக்குறீங்களா? நியாயம்தான். ஆனா லேப்டாப்போட யூஎஸ்பியில செருகுற ட்ரைவ் இன்னும் விக்குது. போட்டோவை டிஸ்க்குல வச்சாதான் பத்திரம்னு நினைக்குற அப்பாக்கள் இன்னும் இருக்காங்க. 2000களில் கல்யாணம் பண்ணின வீடுகள்ல எல்லாம் வீடியோ டிஸ்க்குலதான் தூங்குது. அதுக்கு இன்னொரு காப்பி போட உக்காரும்போதுதான் இந்த எரர் தலைவலியே ஆரம்பம்.

முதல்ல எரரைப் பிடிக்கிற வரிசையைச் சொல்லிடறேன். எடுத்தவுடனே ட்ரைவைக் கழட்டாதீங்க, அது கடைசி.

ஒண்ணு, டிஸ்க். எழுதுற டிவிடியில ஒரு சாயப் பூச்சு இருக்கும். 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் அதைச் சுட்டுத்தான் தகவலைப் பதிக்குது. ஒவ்வொரு டிஸ்க்கும் உள்ளே தன்னோட தயாரிப்புக் குறியீட்டைச் சுமந்துக்கிட்டு இருக்கும். அதைப் படிச்சு, இந்தச் சாயத்துக்கு இவ்வளவு சூடு, இந்த மாதிரி துடிப்புன்னு ட்ரைவோட ஃபர்ம்வேர் முடிவு பண்ணும். பட்டியல்ல இல்லாத டிஸ்க்னா பொதுவான ஒரு கணக்கைப் போட்டு ஓட்டும். எழுத ஆரம்பிக்கும் முன்னாடி டிஸ்க்கோட உள்பக்கத்துல கொஞ்சம் சுட்டுப் பார்க்கும். எந்தச் சூடும் ஒத்து வரலைன்னாதான் "பவர் காலிபரேஷன் எரர்". அதனால வேற கம்பெனி டிஸ்க் ஒண்ணு போட்டுப் பாருங்க. அதுல ஓடிட்டா ட்ரைவ் நிரபராதி.

ரெண்டு, வேகம். எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லதுன்னு ஒரு நம்பிக்கை நம்ம ஊர்ல உண்டு. 16எக்ஸ் டிஸ்க்கோட சாயம் வேகமான சுடலுக்குன்னே செஞ்சது, அதை ரொம்ப மெதுவா எழுதினாலும் கெடலாம். பாதி வேகம், அதாவது 8எக்ஸ், என் கணக்குல நல்ல நடுநிலை.

மூணு, வழி. 1எக்ஸ்னா நொடிக்குச் சுமார் 1.385 எம்பி, 16எக்ஸ்னா 22 எம்பி. அது தடையில்லாம வந்துக்கிட்டே இருக்கணும். யூஎஸ்பி ஹப்புல செருகாம நேரா கம்ப்யூட்டர்ல செருகுங்க, மேசைக் கம்ப்யூட்டர்னா பின்பக்கத்துல. எழுதும்போது லேசருக்குக் கரண்ட் அதிகம் வேணும். படிக்கிறப்ப நல்லா இருந்து எழுதும்போது மட்டும் ட்ரைவ் காணாமப் போச்சுன்னா முதல் சந்தேகம் கேபிள் மேலயும் போர்ட் மேலயும்தான். இன்னும் எக்ஸ்பி போட்ட பழைய பொட்டி வச்சிருந்தா, ஐடிஈ சேனல் டிஎம்ஏவுல இருந்து பிஐஓவுக்கு இறங்கியிருக்கான்னு பாருங்க. பிழைகள் சேரச் சேர விண்டோஸ் தானாவே இறக்கிவிடும். டிவைஸ் மேனேஜர்ல அந்தச் சேனலை நீக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணினா பெரும்பாலும் சரியாகும்.

நாலாவதுதான் ட்ரைவ். சிடிக்கு 780 நானோமீட்டர்ல தனி லேசர், டிவிடிக்குத் தனி லேசர். அதனால சிடி எழுதுது, டிவிடி எழுத மாட்டேங்குதுன்னா ஆச்சரியம் இல்ல. மூணு கம்பெனி டிஸ்க், ரெண்டு கம்ப்யூட்டர் மாத்தியும் அதே எரர்னா லேசர் களைச்சுப் போச்சு, விட்டுடுங்க.

இவ்வளவும் அரை மணி நேர வேலை. ஏன்னா ட்ரைவே வாயைத் திறந்து "முடியல"ன்னு சொல்லிடுச்சு. ஆபீஸ்ல ஆணி புடுங்குறவங்களுக்கு இது நல்லாப் புரியும். எக்ஸெப்ஷன் வீசிட்டு விழுற கோடை ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடலாம். எக்ஸெப்ஷனை முழுங்கிட்டு "சக்ஸஸ்"னு திருப்பி அனுப்புற கோடு இருக்கே, அது ஆறு மாசம் கழிச்சு கிளையன்ட் முன்னாடிதான் பல்லைக் காட்டும்.

டிவிடியும் அப்படித்தான். எழுதி முடிச்சதா சொல்ற செய்திக்கு அர்த்தம், லேசர் சுட்டு முடிச்சதுன்னு மட்டும்தான். சுட்டது திரும்பப் படிக்க வருதான்னு அதுக்குத் தெரியாது. அதுக்குன்னு இருக்கறதுதான் "வெரிஃபை" டிக். கூடுதலா பத்து நிமிஷம் ஆகுதுன்னு நம்மாளுங்க முதல்ல எடுத்துவிடறதும் அதைத்தான்.

என் சித்தி கல்யாணம் 2008ல. ரெண்டு டிஸ்க். குடுக்கும்போது ஸ்டூடியோக்காரர் எங்க வீட்டு டிவியில முதல் அஞ்சு நிமிஷம் போட்டுக் காட்டினார். நாதஸ்வரம், தேங்காய் பழத் தட்டு எல்லாம் பளிச்சுனு வந்துச்சு. காசை வாங்கிட்டுக் கிளம்பிட்டார். ரெண்டாவது டிஸ்க்கோட கடைசியில எங்க தாத்தா மைக் பிடிச்சு ரெண்டு நிமிஷம் பேசுவார். அந்த இடம் வந்தா முதல் தடவையில இருந்தே படம் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுடும். அப்புறம் பார்த்துக்கலாம்னு எல்லாரும் விட்டாங்க. மறுபடி கேட்டுப் போறப்ப ஸ்டூடியோ ஹார்ட் டிஸ்க்ல அது அழிஞ்சு போயிருந்துச்சு. தாத்தாவும் இல்ல. அவர் குரல் இருக்குற வேற எதுவும் எங்ககிட்ட கிடையாது.

இதுல மர்மம் ஒண்ணும் இல்ல. டிவிடி உள்பக்கத்துல இருந்து வெளிவிளிம்பு நோக்கித்தான் எழுதப்படும். விளிம்புலதான் சாயம் சீரா இல்லாம போக வாய்ப்பு அதிகம், டிஸ்க்கோட ஆட்டமும் அங்கதான் அதிகம். முதல் அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பார்க்குறது டிஸ்க்கோட நல்ல பக்கத்தை மட்டும் பார்க்குறது. பொண்ணு பார்க்கப் போய் வாசல் கோலத்தைப் பார்த்துட்டு வந்த கதை!

இன்னொரு ஆபத்தும் உண்டு. டிவிடியில பிழை திருத்தும் ஏற்பாடு ரொம்ப வலுவானது. மோசமா எழுதின டிஸ்க்கைக்கூட இன்னிக்கு ஓட வச்சிடும். ஆனா அந்தத் தாங்கு சக்தியை முதல் நாளே செலவழிச்சிட்டா, சாயம் கொஞ்சம் மங்கினதும் கைவிட்டுடும். அதனால வெரிஃபை பண்ணினது போதாது, இன்னொரு ட்ரைவ்லயும் முழுசாப் படிச்சுப் பாருங்க. 4.7 ஜிபின்னு போட்டது விண்டோஸ்ல 4.38ஆ தெரியும், அது ஏமாத்து இல்ல, எண்ணுற முறை வேற. அதையும் விளிம்பு வரைக்கும் அடைக்காதீங்க. 4 ஜிபியோட நிறுத்துங்க.

நல்ல டிஸ்க் கிடைக்குறதும் கஷ்டமாகிட்டே வருது. எழுதுறவங்க மத்தியில பேர் வாங்கின ஜப்பானோட தாய்யோ யூடன் 2015ல டிஸ்க் தொழிலை விட்டு விலகிச்சு. நம்ம ஊர் மோசர் பேயரைக் கலைச்சுவிடச் சொல்லி 2018ல உத்தரவு வந்துச்சு. எழுதுற ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில நிறுத்திச்சு. இனி கடையில கிடைக்குறது பல வருஷம் கிடந்த சரக்காகவும் இருக்கலாம்.

அதனால என் கருத்து இதுதான். புதுசா எழுதினா வெரிஃபை பண்ணாத டிஸ்க்கை டிஸ்க்குன்னே கணக்குல எடுக்காதீங்க. பழைய டிஸ்க்கெல்லாம் இந்த ஞாயித்துக்கிழமையே ஐஎஸ்ஓவா ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்குங்க, ரெண்டு இடத்துல வைங்க. பாதியில எரர் வந்தா, அட, இப்பவாவது சொல்லுச்சேன்னு சந்தோஷப்பட்டு வேற ட்ரைவ்ல போட்டுப் பாருங்க. ஒரு ட்ரைவ் கைவிட்டதை இன்னொண்ணு படிச்ச கதை நிறைய உண்டு.

டிஸ்கி: டிஸ்க்கைத் துடைக்கும்போது வட்டமா துடைக்காதீங்க, நடுவுல இருந்து விளிம்புக்கு நேரா இழுங்க. மேல ஸ்டிக்கர் ஒட்டுற நல்லவங்க, தயவுசெஞ்சு வேண்டாம். சுத்துற வேகத்துல அது பிச்சுக்கிட்டு வந்தா அந்த எரருக்கு மட்டும் என்னால சந்தோஷப்பட முடியாது :-)