பலித்ததா, பலிக்கவில்லையா?

வரப்போகும் உலகத்தைப் பற்றிய புஸ்தகங்களைக் குறித்து உங்கள் அபிப்பிராயம் என்ன என்று இந்தப் பகுதியில் கேட்டாலும் கேட்டேன், தபால்காரர் என்னை முறைத்துக்கொண்டு போகும்படி கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன! பிரித்துப் பார்த்தால், முக்கால்வாசிப் பேர் புஸ்தகத்தை ஜாதகம் மாதிரிதான் பார்க்கிறார்கள். சொன்னது பலித்ததா, பலிக்கவில்லையா? அவர்களுக்கு அது ஒன்றுதான் கவலை.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அன்பர் மகா கோபத்துடன் எழுதியிருந்தார். சர்க்கரை ஆலை இருக்கும் ஊர்க்காரர். ஆனால் கடிதத்தில் இனிப்பு மருந்துக்குக்கூட இல்லை.

"ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் '1984' என்று நாவல் வெளியிட்டார். 1984 வந்தது, போயிற்று. வீட்டுக்கு வீடு வேவு பார்க்கும் பெரியண்ணனைக் காணோம். சுஜாதா 'என் இனிய இயந்திரா' எழுதினார். ஜீவா என்பவன் நாட்டை ஆள்வானாம். பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டுமாம். பெயரில் இரண்டு எழுத்துக்கு மேல் கூடாதாம். என் பெயரில் ஆறு எழுத்து இருக்கிறது, என்னை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை! பூச்சாண்டி காட்டுகிற புஸ்தகங்களுக்கு எதற்கு ஐயா இத்தனை மரியாதை?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு சவாலும் விட்டிருந்தார். "நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு வாருங்கள். நாலு பேரைக் கேட்டே முடிவு கட்டுவோம்."

சவால் என்றால் விட முடியுமா? போனேன். அன்பரையும் அழைத்துக்கொண்டு, பண்ருட்டியின் பலாப்பழ வாசனையைக் கடந்து நெய்வேலி போய்ச் சேர்ந்தோம்.

யோசித்துப் பார்த்தால், நெய்வேலியே ஒரு காலத்தில் வரப்போகும் உலகமாக இருந்ததுதான். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி என்று பிறகு தெரிந்தது. 1956-இல் நிறுவனம் ஏற்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-இல் மின்சாரம் பிறந்தது. காட்டிலும் மேட்டிலும் ஒரு புது நகரம் எழுந்தது. அங்கே பேட்டைகளுக்குப் பெயர் கிடையாது. வட்டம், அதற்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். "எந்த ஊர்?" என்று கேட்டால், "பத்தொன்பதாம் வட்டம்" என்பார்கள். "சுஜாதா கதை மாதிரி இல்லை?" என்று அன்பரைச் சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை.

புத்தகக் கண்காட்சி 1998-இல் ஆரம்பமானது. ஆட்களுக்குப் பஞ்சமில்லை. முதலில் அகப்பட்டவள் ஒரு கல்லூரி மாணவி. அவள் கையில் பெரியாரின் 'இனி வரும் உலகம்' இருந்தது.

"பலித்துவிட்டது, சார்! ஆளுக்கு ஆள் சட்டைப் பையில் கம்பியில்லாத் தந்தி வைத்துக்கொண்டு, முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள் என்று 1940களிலேயே சொல்லியிருக்கிறார்" என்று தன் செல்போனைத் தூக்கிக் காட்டினாள்.

அன்பரின் முகம் சுருங்கியது. ஆனால் அந்தப் பெண் அத்துடன் நிறுத்தவில்லை. "அதே புஸ்தகத்தில் ஆண்டான், அடிமை இருக்காது, இழிவான வேலை என்று ஒருவர் தலையில் கட்டுவது இருக்காது என்றும் இருக்கிறது. போன் மட்டும்தான் வந்தது. மற்றதை நாம்தான் பாக்கி வைத்திருக்கிறோம்."

அடுத்தவர் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். க. நா. சு. தமிழாக்கிய ஆர்வெலைப் படித்தவர். "கதாநாயகனுக்கு என்ன உத்தியோகம் தெரியுமா, தம்பி? பழைய பத்திரிகைகளைத் திருத்துவது! அரசாங்கம் நேற்றுச் சொன்னது இன்றைக்குப் பொருந்தாவிட்டால், நேற்றைய பேப்பரையே மாற்றி அச்சடிப்பார்கள். நம் நாட்டில் 1975-இல் நெருக்கடி நிலை வந்து தணிக்கை போட்டபோது, தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்ட பத்திரிகைகளும் உண்டு. அந்த நாளைய பேப்பர்களை டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். என் பெட்டியைத் திறந்து யாரும் திருத்த முடியாது. இப்போது என் பேரன் போனில் படிக்கிறான். காலையில் இருந்த செய்தி சாயங்காலம் வேறு மாதிரி இருக்கிறது. 'முதலில் என்ன போட்டிருந்தான்?' என்றால் அவனுக்கே ஞாபகமில்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "வருங்காலம் என்று சொல்லித்தான் எங்கள் முதல் அனல் மின் நிலையத்தைக் கட்டினார்கள். 2020-இல் அதையும் மூடியாயிற்று. வருங்காலத்துக்கும் வயசாகும், தம்பி."

நாங்கள் பேசுவதைப் பக்கத்து பெஞ்சியிலிருந்து ஒரு பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார். பேத்தி புஸ்தகம் வாங்கி வரக் காத்திருந்தவர். படிக்கத் தெரியாதாம். "நாளைக்கு நடக்கப் போறதை எல்லாம் எழுதியிருக்காங்களா, தம்பி?" என்றார்.

"ஆமாம், பாட்டி."

"சுரங்கத்துக்காக எங்க ஊரை எடுத்தப்போ நான் சின்னப் பொண்ணு. நாட்டுக்கே வெளிச்சம் வரப்போவுதுன்னாங்க. வந்துது, இல்லேன்னு சொல்லலே. ஊருதான் இருந்த எடம் தெரியலே. அது எந்தப் புஸ்தகத்துலே இருக்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒருவருடைய வரப்போகும் உலகம் இன்னொருவருடைய போன உலகத்தின் மேல் கட்டப்படுகிறது என்பதைப் பூச்சாண்டிப் புஸ்தகங்கள்தானே ஓயாமல் சொல்கின்றன? பலித்ததா என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். யாருக்குப் பலித்தது, யாருடைய பெயர் விட்டுப்போயிற்று என்று கேட்பதில்லை. ஆர்வெல் ஜோசியம் சொல்லவில்லை; ஆற்றில் சுழல் இருக்கிறது என்று கரையில் பலகை நட்டார். ஒருவரும் முழுகவில்லை என்பதற்காகப் பலகையைப் பொய் என்று பிடுங்கிப் போடுவார்களா?

இதையெல்லாம் நெல்லிக்குப்பத்து அன்பரிடம் சொல்லலாமென்று திரும்பினேன். அவர் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ பதிப்பகத்தின் விலைப் பட்டியலைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். "ஐயனார் கோயிலுக்குக் கிழக்கே ஏரியா, மேற்கேயா, பாட்டி?"

"கெழக்கே. ஏரிக்கரையிலே நாலு பனை. மூணாவது பனைக்கு நேரா எங்க வூடு."

அவர் நாலு பனையையும் வரைந்தார். மூன்றாவதற்கு எதிரே ஒரு வீடும் போட்டார். பேத்தி வந்து கூப்பிடும் வரையில் இருவரும் எழுந்திருக்கவில்லை.

திரும்பும்போது கோபக்காரர் ஒன்றும் பேசவில்லை. பண்ருட்டி தாண்டியதும், "அந்த '1984' என்ன விலை சொன்னான்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரத்துக்கான கேள்வி இதுதான்: அணைக்கோ ஆலைக்கோ சாலைக்கோ வழிவிட்டு மறைந்த ஊர் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? அதன் பெயரையும், அங்கே எது எதற்குக் கிழக்கே இருந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். தபால்காரரை நான் சமாதானம் செய்துகொள்கிறேன்.