வடைக்கு ஓட்டை எப்படிப் போடுவீர்கள்?

சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், சகோதரிகளே! என்னைப் போல நீங்களும் கைக்காசைத் தொலைக்க வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

தங்கை மகளுக்கு வளைகாப்பு. தாம்பூலம் வைத்துக் கொடுக்க நூறு மஞ்சள் துணிப் பை. "பையில போடற படத்தை நானே வரைஞ்சு தரேன்" என்று வாயை விட்டுவிட்டேன். என் மகன் கம்ப்யூட்டரில் 'இங்க்ஸ்கேப்' என்று ஒரு படம் வரைகிற மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். 2003-ல் வந்தது; இலவசம். அதில் வரைந்த படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது.

அரக்குச் சிவப்பில் ஒரு மாங்காய். அதன் நடுவே ஐந்து இதழ்ப் பூ. பூவுக்குக் கீழே 'வளைகாப்பு' என்ற எழுத்து. பூவும் எழுத்தும் ஓட்டையாக இருக்க வேண்டும், அதன் வழியே பையின் மஞ்சள் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. நான் செய்தது என்ன? மாங்காயின் மேல் வெள்ளை நிறத்தில் பூவையும் எழுத்தையும் வைத்தேன். வீட்டு பிரிண்டரில் தாளில் எடுத்துப் பார்த்தால் கச்சிதம்! தெரு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று, நான் வரைந்தது என்று.

மறுநாள் மாலை அச்சுக் கடையிலிருந்து போட்டோ வந்தது. மஞ்சள் பையில் மாங்காய். அதன் நடுவே சுண்ணாம்பு அப்பினாற்போல் வெள்ளை. இருபத்தைந்து பை முடிந்துவிட்டது! கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. ஃபிலிமில் அச்சிட்டுச் சூடு வைத்துத் துணியில் ஒட்டும் முறை அது. அதில் வெள்ளைக்கும் மை உண்டு. வீட்டுத் தாளிலோ வெள்ளை என்றால் மையே விழாது. அதில்தான் ஏமாந்தேன். "எட்டு மணிக்குள்ள சரியான படம் அனுப்புங்கம்மா, மீதியை மாத்திடலாம். நாளைக்கு மிஷினுக்கு வேற வேலை இருக்கு" என்றார்.

புனேயில் இருக்கும் மருமகளைப் போனில் பிடித்தேன்.

"அத்தை, வடைக்கு ஓட்டை எப்படிப் போடுவீங்க?"

"விரலாலதான். இப்ப இது என்ன கேள்வி?"

"வடை மேல வெள்ளையா ஒரு பொட்டு வெச்சா ஓட்டையாயிடுமா? நீங்க பொட்டுதான் வெச்சிருக்கீங்க. மாவை எடுக்கவே இல்லை."

புரிந்துவிட்டது. இலையில் வைத்த வடையின் ஓட்டையில் பச்சை தெரியும். எவர்சில்வர் தட்டில் தட்டு தெரியும். அதல்லவா ஓட்டை!

அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். முதலில் முழுப் படத்தையும் ஒரு நகல் எடுத்து ஓரமாக வைக்கச் சொன்னாள். எழுத்தை வெட்டிவிட்டால் அப்புறம் எழுத்துப் பிழை திருத்த முடியாதாம். பிறகு எழுத்தைத் தேர்ந்தெடுத்து, 'பாத்' என்ற பட்டியலில் 'ஆப்ஜெக்ட் டு பாத்'. இதோடு அது எழுத்தில்லை, வெறும் வடிவம். அவை ஒரு கொத்தாக நிற்கும். 'அன்குரூப்' கொடுத்துப் பிரித்து, பூவையும் சேர்த்துத் தேர்ந்து 'யூனியன்' கொடுத்தால் எல்லாம் ஒரே வடிவம். கடைசியாக ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மாங்காயையும் சேர்த்துத் தேர்ந்து, 'டிஃபரன்ஸ்'. அவ்வளவுதான்! கீழே இருப்பதிலிருந்து மேலே இருப்பது வெட்டப்பட்டுவிடும். நான் அவசரத்தில் மாங்காயை மேலே தூக்கி வைத்துவிட்டேன். பூவிலிருந்து மாங்காய் கழிந்து, திரையில் ஒன்றுமே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்த, எல்லாம் திரும்பி வந்தது.

ஓட்டை விழுந்ததா என்று எப்படித் தெரியும்? திரைதான் வெள்ளையாயிற்றே. பச்சையில் ஒரு பெரிய சதுரம் வரைந்து அடியில் தள்ளினேன். பூவுக்குள் பச்சை தெரிந்தது! இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் இருபத்தைந்து பை பிழைத்திருக்கும். பார்த்தபின் சதுரத்தை மறக்காமல் அழித்துவிட வேண்டும்.

அனுப்புவதிலும் ஒரு கண்ணி உண்டு. 'பிஎன்ஜி' கோப்பாக எடுத்தால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். 'ஜேபெக்' ஆக்கினால் நிரம்பிவிடும். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் அது தானே ஜேபெக் ஆக்கிவிடுகிறது. 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள். நான் அனுப்பியபோது மணி ஏழு ஐம்பது.

கோலம் போடும் தகட்டை இப்படி வரைந்து வெட்டக் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தகட்டில் நிஜமாகவே துண்டு விழும். 'வ' எழுத்தின் சுழிக்குள் இருக்கும் பகுதிக்குப் பிடிமானம் கிடையாது, சேர்ந்து விழுந்துவிடும். மெல்லிய பாலம் ஒன்று விட்டு வரையுங்கள்.

எழுபத்தைந்து பையும் மங்களகரமாக வந்து சேர்ந்தன. குறைந்த இருபத்தைந்துக்கு மறுபடி என் செலவில் அச்சுப் போட்டோம். "எதுக்குக்கா இந்த வீண் செலவு?" என்று தங்கை கடிந்துகொண்டாள். சுண்ணாம்பு அப்பிய பைகள் எங்கள் சமையலறை ஆணியில் தொங்குகின்றன. வெங்காயம் வாங்கப் போகும்போது என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே அதைத்தான் எடுத்துப் போகிறார்.