பங்களா சொல்லாத பாதிக் கதை

பொள்ளாச்சியைக் கடந்து, ஆழியாறு அணையைத் தாண்டி, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் வால்பாறை! கோடை பிறந்துவிட்டால் போதும்; கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வேன் வேனாகக் கூட்டம் ஏறுகிறது. ஒன்றாய்ப் படித்த தோழர்கள் பதினைவர். உறவுக் குடும்பங்கள் நான்கு. அலுவலக நண்பர்கள் முப்பது பேர். இவர்கள் தேடுவது புதிய விடுதியை அல்ல, பழைய பங்களாவை! வெள்ளைத் துரைமார் வாழ்ந்த மாளிகையை! ஓடு மாற்றி, மரத்தளத்தை மெருகேற்றி, குளிர்காயும் அடுப்பைச் செப்பனிட்டு, சுவரெங்கும் பழைய படங்களை மாட்டி, வரலாற்றின் மடியில் உறங்க வாருங்கள் என்று அழைக்கிறார்கள்.

அழைக்கட்டும்! நாம் கட்டடங்களுக்குப் பகைவரல்லர். இடிப்பதைக் காட்டிலும் காப்பது நன்று என்பதை அறியாதவருமல்லர். இங்கிலாந்திலே 1965-ல் தோன்றிய லேண்ட்மார்க் அறக்கட்டளை, அழியவிருந்த பழங்கட்டடங்களைச் செப்பனிட்டு, விடுமுறைக்கு வருவோர்க்கு வாடகைக்கு விட்டு, அந்த வருவாயைக் கொண்டே அவற்றைப் பேணுகிறது. அங்கே தங்குவோர் படித்தறிய, அந்தந்த வீட்டின் வரலாற்றை எழுதியும் வைக்கிறது. நல்ல ஏற்பாடு! ஆனால் வால்பாறைப் பங்களாவின் வரலாற்றை எழுதப் புகுவோர் எந்த வரலாற்றை எழுதுவர்? இதுதான் நாம் எழுப்பும் கேள்வி.

கடந்த கோடையில் ஆசிரியர்கள் பன்னிருவர் கூடி அத்தகைய பங்களா ஒன்றில் இரண்டு நாள் தங்கினோம். கூடத்திலே ஒரு பெரிய படம். நாற்காலிகளில் துரைமார் அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் அவரவர் பெயர். பின்வரிசையில் தலைப்பாகை கட்டிய எழுவர் நிற்கிறார்கள். அவர்கட்கெல்லாம் சேர்த்து ஒரே சொல்: பணியாட்கள்! துரையின் மடியில் இருந்த நாய்க்குக்கூடப் பெயர் இருந்தது, தோழர்களே!

எம்மோடு வந்தவருள் ஒருவர், கீழே தெரிந்த லைன் வீடுகளில் பிறந்த ஒரு மூதாட்டியின் பேரன். துரை எதிரே வந்தால் கொட்டும் மழையிலும் குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும் என்று அந்தப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர். அவர் பங்களாவின் புல்தரையில் இறங்கினார். செருப்பணிந்த தம் கால்களையே நெடுநேரம் பார்த்தார். “பாட்டி இதை ஒருநாளும் மிதித்ததில்லை” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எமக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

இரவு வந்தது, தீ மூட்டினார்கள், கதை தொடங்கிற்று. என்ன கதை? நள்ளிரவில் மாடிப்படியில் வெள்ளைத் துரைசாணியின் ஆவி இறங்கி வருகிறதாம்! பட்டம் பெற்றவர்களும் உடல் சிலிர்த்துக் கேட்டார்கள். ஆவி என்பதே பொய். அந்தப் பொய்க்கும் வெள்ளைத் தோல் வேண்டியிருக்கிறது, பாருங்கள்! காய்ச்சலில் மாண்டு அந்தத் தேயிலைச் செடிகளுக்கடியில் புதைந்துபோன கூலிகளில் ஒருவருக்கேனும் ஆவியாய் உலவும் தகுதி இல்லை போலும்!

யார் அவர்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆனைமலைக் காடுகள் தோட்டங்களாக மாறத் தொடங்கின. கார்வர் மார்ஷ் முன்னோடி என்று போற்றப்படுகிறார். மலைப்பாதையிலே அவருக்குச் சிலையும் நிற்கிறது. ஒருவர் தனியே ஒரு மலையைத் திருத்த முடியுமா? வறண்ட சீமைகளின் சேரிகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்து வந்தார்களே, அந்த மக்கள் வெட்டிய காடு அது. முன்பணம் கடனாயிற்று, கடன் கால்விலங்காயிற்று. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடினால் தண்டிப்பதற்கு 1903-ல் சென்னை மாகாணம் தனிச் சட்டமே செய்து வைத்திருந்தது. மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதை ரொனால்டு ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் கண்டறிந்துவிட்டார். ஆயினும் லைன் வீடுகளுக்குக் கிடைத்தது என்ன? தாயத்தும் வேப்பிலையும்! அறிவியல் பங்களாவோடு நின்றது. மூடநம்பிக்கை மட்டும் கூலியின் குடிசை வரை தாராளமாக இறங்கி வந்தது.

இவை நம் கற்பனையல்ல. அந்த மலையிலே மருத்துவராயிருந்து, தொழிலாளர்க்குச் சங்கமும் கண்ட பி. எச். டேனியல், 1969-ல் வெளிவந்த ‘ரெட் டீ’ நாவலில் இதனை எழுதினார். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். 2013-ல் ‘பரதேசி’ என்னும் திரைப்படத்திற்கும் அதுவே ஊற்று. திரையரங்கில் கண்ணீர் சிந்தியவர்கள், அந்த மலைக்கே விடுமுறைக்குச் செல்லும்போது ஏன் எதையும் கேட்பதில்லை? ‘சின்னதுரை’ என்ற பட்டத்தையே பெயராய்ச் சூடிய பங்களா விடுதி அங்கே உண்டு. துரைப் பட்டம் விருந்தினரை ஈர்க்கிறது. கூலியின் பெயரோ சுவரில்கூட இல்லை!

“ஓய்வுக்கு வந்தவனிடம் ஒப்பாரியா?” என்று சிலர் முகம் சுளிப்பர். அவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். லூசியானாவிலே அடிமைகளின் உழைப்பில் எழுந்த நாட்டோவே மாளிகை, திருமணக் கூடமாகவும் விடுதியாகவும் விளங்கி, 2025 மே மாதம் தீக்கிரையாயிற்று. அதே மாநிலத்தில் விட்னி தோட்டம் 2014-ல் அடிமைகளின் நினைவிடமாகத் திறக்கப்பட்டது. அங்கே சுவர்களில் பொறிக்கப்பட்டிருப்பவை ஆண்டைகளின் பெயர்களல்ல, அடிமைகளின் பெயர்கள்! அந்தக் கதையைக் கேட்கவும் மக்கள் நாடிச் செல்கிறார்கள்.

அமெரிக்கா வரை போவானேன்? ஆயிரம் ஆண்டுகட்கு முன்பு இராசராசன் தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலே ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயர்களையும், அவரவர் குடியிருந்த வீடு எந்தத் தெருவில் எத்தனையாவது என்பதையும் வெட்டி வைத்தான். மன்னராட்சியின் மாண்பைப் பாட நாம் வரவில்லை. ஏவல் செய்தவர் பெயரை எழுத இடமில்லை என்னும் சாக்கு அன்றே செத்துவிட்டது என்பதைச் சொல்லவே இதனைக் காட்டுகிறோம்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. பங்களாவின் கூடத்தில் துரைமார் படத்துக்கு அருகே, பழைய தோட்டப் பதிவேடுகளில் கிடைக்கும் தொழிலாளர் பெயர்களும் இடம்பெற வேண்டும். பங்களா செப்பனிடப்படும் ஊரில் ஒரு லைன் வீடாவது அன்றிருந்தபடியே காக்கப்பட வேண்டும். பத்தடி அறையில் எத்தனை உயிர்கள் முடங்கின என்பதை விருந்தினர் நேரில் காணட்டும். மாதம் ஒரு நாள் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளி மாணவர்க்கும் கட்டணமின்றிக் கதவு திறக்க வேண்டும். தம் பாட்டன் சுமந்த கல்லை அவர்கள் தொட்டுப் பார்க்கட்டும்!

இளைஞர்களே! விடுமுறைக்குச் செல்லுங்கள், பனியையும் பசுமையையும் கண்டு மகிழுங்கள், அதற்கு நாம் தடை சொல்லோம். ஆனால் பகுத்தறிவைப் பொள்ளாச்சியிலேயே இறக்கி வைத்துவிட்டு மலை ஏறாதீர்கள்! கூடத்தில் தொங்கும் படத்தின் முன் நின்று, “பின்வரிசையில் நிற்பவர்கள் யார்?” என்று கேளுங்கள். விடை தெரியாது என்பார்கள். அடுத்து வரும் கூட்டமும் கேட்கட்டும். அதற்கடுத்த கூட்டமும் கேட்கட்டும். கேட்டுக் கேட்டே பெயர்களை வரவழைப்போம்!