எலெக்ட்ரிக் கார்: வாங்கும் முன் ஒரு கணக்கு

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. இன்றைய எலெக்ட்ரிக் கார் என்பது பெரிய பேட்டரியும் மோட்டாரும் அவற்றை மேய்க்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்ததுதான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் செய்யும் தவறுகளையே இதிலும் செய்கிறோம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சென்ற மாதம் வீட்டுக்கு வந்தார். "சார், பெட்ரோல் போடவே வேண்டாமாம், எலெக்ட்ரிக் கார் வாங்கலாம்னு இருக்கேன். பேங்க்ல போட்ட டெபாசிட்டை எடுத்துடலாமா?" என்று கேட்டார். மாதம் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்றேன். கோவில், மார்க்கெட், மகள் வீடு எல்லாம் சேர்த்து 300 கி.மீ. தாண்டாது என்றார். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே தருகிறேன்.

முதலில் பேட்டரி பயம்

"லேப்டாப் பேட்டரியே 3 வருஷத்தில் போய்விடுகிறது, கார் பேட்டரி மட்டும் நிற்குமா?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இந்தியாவின் முதல் எலெக்ட்ரிக் கார்களில் ஒன்றான ரேவா, 2001ல் பெங்களூரில் இருந்து வந்தது. அதில் இருந்தவை லெட் ஆசிட் பேட்டரிகள். உங்கள் வீட்டு யு.பி.எஸ்.ஸில் இருக்கும் அதே இனம். ஒரு சார்ஜில் 80 கி.மீ. போனால் பெரிது, சில வருடங்களில் பேட்டரியை மாற்ற வேண்டியிருக்கும்.

இப்போது வருபவை லித்தியம் அயான் பேட்டரிகள். லேப்டாப்பிலும் இதே இனம்தான் என்றாலும் ஒரு வித்தியாசம் உண்டு. லேப்டாப்பை நாள் முழுக்க பிளக்கில் மாட்டி, சூட்டிலேயே வைத்திருக்கிறோம். காரில் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் வெப்பத்தையும் கவனிக்க ஒரு தனி கம்ப்யூட்டர் இருக்கிறது. பேட்டரியின் முழுக் கொள்ளளவையும் பயன்படுத்த விடாமல், கொஞ்சம் ஒதுக்கியும் வைக்கிறது. அதனால்தான் பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன. இந்த 8 என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஷோரூமில் ஒரு யூனிட் விலையை வைத்து "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் கூட ஆகாது" என்பார்கள். ஆனால் தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 400 வரை யூனிட் 5 ரூபாய்க்கும் குறைவு. 2024 ஜூலை கட்டணப்படி 500 தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல். 600 தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். அதோடு 500 தாண்டியவுடன், 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடும். கார் குடிக்கும் கரண்ட் எப்போதும் மேல் படியில்தான் போய் உட்காரும்.

இப்போது கணக்கு. ஏற்கெனவே 400 யூனிட் செலவாகும் வீடு என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 6 கி.மீ.; பெட்ரோல் காருக்கு லிட்டருக்கு 16 கி.மீ.; பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்; எலெக்ட்ரிக் காருக்குக் கூடுதல் விலை 3 லட்சம்.

ஆசிரியர் 2 மாதத்தில் ஓட்டுவது 600 கி.மீ. பெட்ரோல் என்றால் 3,750 ரூபாய். எலெக்ட்ரிக் என்றால் 100 யூனிட், சுமார் 630 ரூபாய். ஆண்டுக்கு மிச்சம் ஏறக்குறைய 19,000 ரூபாய். 3 லட்சம் திரும்பி வர 16 ஆண்டு ஆகும்! பேட்டரி வாரண்டி முடிந்து 8 ஆண்டு ஆன பிறகுதான் லாபமே தொடங்கும்.

அவருடைய மருமகன் தினமும் வேலைக்குப் போய்வர 48 கி.மீ. ஓட்டுகிறார். மாதம் 1,200 கி.மீ. இரண்டு மாத பெட்ரோல் 15,000 ரூபாய். கரண்ட் 400 யூனிட். மேல் படிக்குப் போனாலும் பில் சுமார் 3,600 ரூபாய்தான் கூடும். ஆண்டுக்கு மிச்சம் 68,000 ரூபாய். நாலரை ஆண்டில் கைக்கு வந்துவிடும்.

ஆக, கார் ஒன்றுதான். மாமனாருக்கு நஷ்டம், மருமகனுக்கு லாபம். இந்தக் கணக்குப்படி மாதம் 650 கி.மீ. என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழே ஓட்டுபவருக்கு 8 ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பாது.

விலை வித்தியாசத்தையும் புதிதாக விசாரியுங்கள். எலெக்ட்ரிக் கார்களுக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். ஆனால் 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரியும் 28ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் யாராவது போட்டுக் கொடுத்த கணக்கு இப்போது உதவாது.

பிளக் எங்கே?

கணக்கு சரியாக வந்தாலும் ஒரு கேள்வி பாக்கி. கார் நிற்கும் இடத்தில் உங்கள் மீட்டரில் இருந்து வரும் பிளக் இருக்கிறதா? சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3 கிலோவாட்தான் கிடைக்கும். 30 யூனிட் பேட்டரி நிறைய 10 மணி நேரம், அதாவது ஒரு ராத்திரி. தெருவில் காரை நிறுத்துபவரும், பார்க்கிங்கில் பிளக் வைக்க அசோசியேஷன் சம்மதிக்காத அபார்ட்மென்ட்காரரும் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. வெளியில் உள்ள சார்ஜரையே நம்பினால் யூனிட் விலையும் கூடும், காத்திருக்கும் நேரமும் கூடும். பிளக் இருந்தால், நல்ல எலெக்ட்ரீஷியனை அழைத்து ஒயரையும் எர்த்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். எர்த் சரியில்லாத பிளக்கில் கம்ப்யூட்டரையே மாட்டக்கூடாது என்போம். கார் மட்டும் விதிவிலக்கா?

விளம்பரத்தில் சொல்லும் தூரத்தில் முக்கால் பங்குக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஏ.சி., பைபாஸ் வேகம் எல்லாம் பேட்டரியைத்தான் தின்னும். சென்னையில் இருந்து மதுரை 460 கி.மீ. சின்ன பேட்டரி கார் என்றால் வழியில் நின்று சார்ஜ் போட்டே ஆக வேண்டும். வருடத்துக்கு 2 முறை ஊருக்குப் போக பஸ், ரயில் இருக்கிறது. மாதத்துக்கு 2 முறை போகிறவர் யோசியுங்கள்.

புகையில்லாத கார், சத்தமில்லாத கார் என்பதெல்லாம் உண்மைதான். ஓட்டிப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் பக்கத்து வீட்டில் வாங்கிவிட்டார்கள் என்று விலையுயர்ந்த கம்ப்யூட்டரை வாங்கி, அதில் லெட்டர் மட்டும் டைப் செய்துகொண்டிருக்கும் எத்தனையோ பேரை நாம் பார்த்திருக்கிறோம்.

எனவே எக்ஸெலைத் திறங்கள். மாதம் ஓட்டும் தூரம், பெட்ரோல் விலை, உங்கள் கரண்ட் பில் யூனிட், இரண்டு கார்களின் விலை வித்தியாசம். இந்த நான்கையும் நான்கு கட்டங்களில் போடுங்கள். விடை 8 ஆண்டுக்குள் வந்து, வீட்டில் பிளக்கும் இருந்தால் தைரியமாக வாங்குங்கள். வரவில்லை என்றால் காத்திருங்கள்.

ஆசிரியர் டெபாசிட்டை எடுக்கவில்லை. மருமகன் புக் செய்துவிட்டார்.