ஊசி மட்டும் போதுமா?

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய நம் நாட்டுப் பெருங்கெண்டை மீன்கள் குளங்களில் செழித்து வளரும். பருவத்தில் சினையும் கொள்ளும். ஆயினும் தேங்கிய நீரில் அவை முட்டையிடுவதில்லை. மழைக்காலத்தில் புதுவெள்ளம் பாயும் ஆறுகளிலேயே முட்டையிடும். ஆகவே மீன் வளர்ப்போர் நெடுங்காலம் ஆற்றுக் குஞ்சுகளையே நம்பியிருந்தனர். அவற்றோடு வேண்டாத மீன்களின் குஞ்சுகளும் கலந்து வந்தன.

1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் இந்நிலை மாறத் தொடங்கியது. அன்று ஒடிசாவிலுள்ள அங்குலில் ஹீராலால் சௌதுரியும் கே. எச். அலிகுஞ்ஞியும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தனர். அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இச்சாறு செய்யும் வேலை யாது? நீரின் வெப்பம், பகலின் நீளம், வெள்ளத்தின் வரவு ஆகியவற்றை மீனின் மூளை புலன்களின் வழியே உணர்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி அப்போது ஒரு தூண்டு ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் ஏவலால் பிட்யூட்டரி தன் ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. அவை சினைப்பையை அடைந்ததும் முட்டைகள் முதிர்ந்து வெளிப்படுகின்றன. அதே மூளை, டோபமைன் என்னும் பொருளைக் கொண்டு பிட்யூட்டரியைத் தடுத்தும் வைக்கிறது. குளத்து மீனிடம் இக்கடைசிச் சுரப்பு நிகழ்வதில்லை. இக்காலத்து ஊசி மருந்தில் செயற்கைத் தூண்டு ஹார்மோனும், டோபமைனின் தடையை நீக்கும் டோம்பெரிடோன் என்னும் மருந்தும் சேர்ந்துள்ளன.

இவ்வெற்றியே நம்மை ஓரளவு அசட்டையாக்கிவிட்டது என்பது எமது கருத்து. ஊசி ஆற்றுவது இறுதிப் படியை மட்டுமே. முட்டையில் கரு உணவு சேர்வதற்குப் பல மாதப் போஷிப்பு வேண்டும். மெலிந்த மீனுக்கு ஊசி போட்டு நல்ல குஞ்சுகளை எதிர்பார்ப்பது, விதை முற்றாத கதிரை அறுப்பதற்கு ஒப்பாகும்.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. சில தாய்மீன்களையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தி, அவற்றின் குஞ்சுகளையே மறு தலைமுறைக்கும் பெற்றோராக்கினால் உறவுக்கலப்பு மிகுந்து வளர்ச்சி குன்றும். பல இனங்களை ஒரே தொட்டியில் முட்டையிட விட்டால் கலப்பினங்கள் தோன்றும். சின்னஞ்சிறு குஞ்சைப் பார்த்து இவற்றைக் கண்டறிய இயலாது. பணம் கொடுத்து வாங்கிய உழவர், பல மாதங்கள் தீனியிட்ட பின்னரே தமது நஷ்டத்தை உணர்வார்.

ஆகவே ஒவ்வொரு குஞ்சு பொரிப்பகமும் தாய்மீன்களுக்குப் பதிவேடு வைத்தல் வேண்டும். இனங்களைத் தனித்தனியே பேணுதல் வேண்டும். காலந்தோறும் வேறிடத்து மீன்களைச் சேர்த்தல் வேண்டும். புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் விரைந்து வளரும் ‘ஜயந்தி’ ரோகுவை உருவாக்க முற்பட்டபோது, கங்கை, பிரம்மபுத்திரா முதலிய பல ஆறுகளின் மீன்களையே அடிப்படையாகக் கொண்டது. ஆற்றின் பரம்பரைச் செல்வம் இல்லையேல் அம்முயற்சிக்கு இடமேது?

ஊசி, வெள்ளத்தின் அழைப்பிற்கு ஈடாகலாம். ஆற்று மீன்குலத்திற்கு ஈடாகாது. ஆறுகளில் வெள்ளம் பாயவும் அங்கே மீன் சினைக்கவும் வழிவிடுதல், குளத்தில் மீன் வளர்ப்போரின் நலனுக்கும் இன்றியமையாததாகும்.